பானெட் திறந்திருந்த நாள்

வியாழக்கிழமை காலை. டீ ஆறிக்கொண்டிருந்தது. ரீடிங்காரர் தன் சகலை எடுத்த வீடியோவை ஆறாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஐந்து முறையும் பெருமையாகத்தான் பார்த்தார். ஆறாவது முறையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

வீடியோவில் சகலையின் சிவப்புக் கார், முன்சக்கரங்கள் உருளைகள் மேல் ஏறி, நாலு பக்கமும் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு நின்றது. எதிரே ஆளுயர மின்விசிறி சுழன்றது. அன்றுதான் பொருத்திய அலுமினியக் குழாய் கேமராவைப் பார்த்துப் பளபளவென்று பல்லைக் காட்டியது. அந்தக் குழாய் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பது. அது கேமராவில் தெரிகிறது என்றால் இன்ஜின் மூடி, அதாவது பானெட், திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

"என்னங்க, டீயில ஈ விழுந்துடுச்சா?" என்றாள் மனைவி.

அவர் காதில் விழவில்லை. அவள் சுற்றி வந்து, முகம் தெரியும்படி எதிரே நின்று, மறுபடியும் கேட்டாள்.

"ஈ விழல. நான்தான் விழுந்துட்டேன்" என்றார்.

அவர் வேலை பார்ப்பது ஒரு கார் பட்டறையில். அங்கே டைனோ என்றொரு எந்திரம் இருக்கிறது. காரை நிற்கிற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் என்று அளந்து சொல்லும். ஆளை எடை மேடையில் ஏற்றுகிற மாதிரிதான், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். பதினெட்டு வருஷமாக அந்த எந்திரம் அவர் கையில் இருக்கிறது. "எனக்கு நூத்தம்பது குதிரை கூடிடுச்சு சார்" என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், "ரீடிங் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பார். அப்படி வந்த பேர்தான் ரீடிங்காரர். வீட்டில் உப்பு கூடிப்போனால்கூட "ரீடிங் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர்.

சகலை என்பவர் மனைவியின் தங்கை புருஷன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் இருமலுக்கும் ஜுரத்துக்கும் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் அந்தச் சிவப்பு டர்போ காரைத் துடைப்பார். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாக ஒரே வழக்கு. கோல்டு ஏர் இன்டேக் போட்டால் வண்டிக்குச் சக்தி கூடுமா கூடாதா?

இன்ஜின் மூச்சு விடுவது ஏர் ஃபில்டர் பெட்டி வழியாக. அதைக் கழற்றிவிட்டு, பெரிய குழாயும் திறந்த ஃபில்டரும் போட்டால் குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகும், வண்டி பறக்கும் என்பது விற்கிறவர்கள் கட்சி. சகலை அந்தக் கட்சியின் கொடிபிடிக்கும் தொண்டர். ரீடிங்காரர் எதிர்க்கட்சி. "கம்பெனிக்காரன் முட்டாள் இல்ல சகலை. அவன் போட்ட பெட்டியே முன்னாடி கிரில் பக்கத்துலேர்ந்து வெளிக்காத்தத்தான் இழுக்குது. நீங்க அதக் கழட்டிப் போட்டுட்டு, திறந்த ஃபில்டரை இன்ஜின் சூட்டுக்குள்ள வெக்கிறீங்க. சத்தம் கூடும். வேற எதுவும் கூடாது" என்பார். டைனோவில் ஏறுகிற ஒவ்வொரு வண்டிக்கும் அவர் ஒரு தாள் எழுதுவார். அதில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. இன்டேக் போட்டு வந்த வண்டிகளுக்கெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தைதான்: கழற்றிவிடலாம்.

அப்படிப்பட்டவர் கையெழுத்துப் போட்டு, பத்து நாளுக்கு முன் ஒரு தாள் கொடுத்தார். பழைய பெட்டியோடு இருநூற்று முப்பத்தொன்று. புதுக் குழாயோடு இருநூற்று நாற்பத்தைந்து. கூடுதல்: பதினாலு.

சகலைக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷ வழக்கில் எதிர்க்கட்சித் தலைவரே கையெழுத்துப் போட்டுத் தோற்றிருக்கிறார். தாளை லேமினேட் செய்தார். கடையில் எடை மேடைக்கு மேலே ஒட்டினார். அதே ரகக் கார் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று உண்டு, அதன் குழுவிலும் போட்டார். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு இன்டேக் வாங்குவதென்று முடிவானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் எல்லோரும் கூடி, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கேயே ஆர்டர் போடுவதாக ஏற்பாடு.

நடந்த தப்பு இதுதான். பழைய பெட்டியோடு ஓட்டியபோது பானெட் மூடியிருந்தது. புதுக் குழாய் போட்டதும், "சகலை, பானெட்டைத் திறந்தே ஓட்டுங்க, குழாய் வீடியோவுல தெரியட்டும்" என்றார் சகலை. ரீடிங்காரரும் அன்பில் திறந்துவிட்டார். பானெட் திறந்ததும் அந்த ராட்சச மின்விசிறி நேரே ஃபில்டர் மூக்கில் குளுகுளுவென்று காற்றை அடித்தது. ரோட்டில் யார் பானெட்டைத் திறந்துகொண்டு ஓட்டுகிறார்கள்? ஒன்றை மூடி, ஒன்றைத் திறந்து அளந்தால் அது அளவே இல்லை. தாளில் 'பானெட்' என்று ஒரு கட்டமே உண்டு. அவரே போட்ட கட்டம். அன்றைக்கு அதை நிரப்பாமல் விட்டிருக்கிறார். பதினெட்டு வருஷத்தில் அவர் காலியாக விட்ட ஒரே கட்டம் அது.

"அதுக்கென்ன, தப்பாப் போச்சுன்னு சொல்லிடுங்க. அவரு என்ன அசலா, வெளி ஆளா?" என்றாள் மனைவி.

அசலாக இருந்தால் அப்போதே போன் போட்டுச் சொல்லியிருப்பார். சகலை என்பதால்தான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ரீடிங்காரருக்குக் காது போக ஆரம்பித்தது. பதினாறு வருஷம் இன்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்றால் காது என்ன செய்யும் பாவம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கூப்பிட்டது கேட்கவில்லை என்றால் யோசனையில் இருப்பதாக நடித்தார். "உங்களுக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்று மனைவி திட்டியதையும் பாதிதான் கேட்டார். கண்டுபிடித்தவர் சகலை. ஒருநாள் கடையில் அலமாரிப் பக்கம் திரும்பியபடி ஏதோ கேட்டிருக்கிறார், இவர் பதில் சொல்லவில்லை. திரும்பி நின்று கேட்டார், சொன்னார். மறுபடி முதுகைக் காட்டிக் கேட்டார், இல்லை. அந்தச் சனிக்கிழமை, "ஒரு இடம் போகணும், வாங்க" என்று கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். ஏழு தடவை போகவேண்டியிருந்தது. ஏழு தடவையும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தார். ஏழாவது தடவை ரீடிங்காரருக்குக் காதுக்கருவி மாட்டிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. இன்ஜின் உள்ளே 'டக்டக்'கென்று ஒரு தட்டல் சத்தம் வந்தால் அந்த நொடியே ஓட்டத்தை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் இன்ஜின் போய்விடும். அதைக் காதால்தான் பிடிப்பார்கள். காது கேட்காத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பட்டறை முதலாளி யோசித்தார். அதில் தப்பும் இல்லை. சகலைதான் எங்கெங்கோ விசாரித்து, அந்தத் தட்டலைப் பிடித்துச் சிவப்பு விளக்காகக் காட்டும் கருவி ஒன்றை வாங்கிவந்து முதலாளி மேஜையில் வைத்தார். "காதுக்குப் பதிலா கண்ணு. ஆளு அதே ஆளு" என்றார். ரீடிங்காரர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த விளக்கால்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

அந்த மனிதரைத்தான் இப்போது பன்னிரண்டு பேர் முன்னால் தலைகுனிய வைக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தனியாகப் பேசிவிடலாம் என்று மருந்துக்கடைக்குப் போனார். கடையில் கூட்டம். ஒரு அம்மாள் இருமிக்கொண்டே எடை பார்க்க ஏறினாள். "எடையைப் பாத்துட்டு அப்படியே மேல இருக்கற தாளையும் பாருங்கம்மா. எங்க சகலை அளந்தது. அவரு அளந்தா மில்லிமீட்டர் பிசகாது" என்றார் சகலை.

"இது என்ன, சுகர் ரிப்போர்ட்டா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"குதிரை ரிப்போர்ட்" என்றார் சகலை பெருமையாக. அந்த அம்மாள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரீடிங்காரர் வாயைத் திறந்தார். வந்தது, "தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்பதுதான்.

சகலை மாத்திரையோடு வெளியே வந்து, எப்போதும் போல முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாக அசையும்படி பேசினார். "வண்டியில ஒரு ரவுண்டு வாங்கன்னு பத்து நாளாக் கூப்பிடுறேன். பிடிகுடுக்க மாட்டேங்கறீங்களே. இப்ப போலாமா?"

"முட்டி வலிக்குது சகலை. ஞாயித்துக்கிழமை பாப்போம்."

முன்பெல்லாம் ஞாயிறு காலை தவறாமல் இருவரும் ஊருக்கு வெளியே வளைவுச் சாலையில் ஒரு மணி நேரம் போய்விட்டு வருவார்கள். ஒரு வருஷமாக முட்டி வலி என்று ரீடிங்காரர் நிறுத்திவிட்டிருந்தார். சகலை வற்புறுத்தவில்லை. மாத்திரையைக் கையில் வைத்து, "வெறும் வயித்துல போடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்க ரீடிங்காரர் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். வேறு வழியே இல்லையா என்றும் யோசித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் பானெட்டைத் திறந்தே ஓட்டிக் காட்டினால் போதும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அந்த எண்ணம் வந்ததுமே தன் மேலேயே எரிச்சல் வந்தது. எந்தக் கையை நம்பி அந்த மனிதர் விளக்கு வாங்கிக் கொடுத்தாரோ அந்தக் கையால் பொய் எழுதிக் கொடுப்பதா?

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டின. சங்கத் தலைவரான பல் டாக்டர் முன்னால் வந்து நின்றார். சகலை புதுச் சட்டை போட்டிருந்தார். கக்கத்தில் அந்த லேமினேட் தாள்.

ரீடிங்காரர் காதுக்கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டைனோ ஓடும்போது அதைப் போட முடியாது, மண்டை பிளந்துவிடும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேண்டியதற்குமேல் உரக்கவே சொன்னார்.

"வண்டிய ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்தத் தாள் தப்பு. என் தப்பு. ஒரு ஓட்டத்துக்கு பானெட் மூடியிருந்தது, இன்னொண்ணுக்குத் திறந்திருந்தது. அந்தப் பதினாலு குதிரையும் இன்டேக் குடுத்தது இல்ல, அந்த ஃபேன் குடுத்தது."

பல் டாக்டர் திரும்பிச் சகலையின் கக்கத்திலிருந்த தாளைப் பார்த்தார். ரீடிங்காரருக்குச் சகலையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப உங்க எல்லார் முன்னாடியும் மறுபடி அளக்கறேன். பழைய பெட்டி மூணு தடவை, புதுக் குழாய் மூணு தடவை. ரெண்டுக்கும் பானெட் மூடித்தான்."

பழைய பெட்டியைப் பொருத்த அரைமணி நேரம். மூன்று ஓட்டம். ஒவ்வொரு முறையும் இருநூற்று முப்பத்தொன்றை ஒட்டியே வந்தது. திரும்பக் குழாயைப் பொருத்தி, பானெட்டை மூடி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முதல் ஓட்டம் தொடங்கியதும் சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பல் டாக்டர் கட்டைவிரலை உயர்த்தி என்னவோ சொன்னார். ரீடிங்காரர் காதை மூடும் கவசத்துக்குள் இருந்துகொண்டு சிவப்பு விளக்கையும் எண்களையும் மட்டும் பார்த்தார். இருநூற்று முப்பத்து மூன்று. அடுத்தது முப்பத்திரண்டு. இன்ஜின் சூடேறியதும் மூன்றாவது, முப்பது.

கவசத்தைக் கழற்றிவிட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு வந்து சொன்னார். "சராசரி பாத்தா ஒண்ணுகூட முழுசாத் தேறல. காத்து நல்லா அடிச்சா ஒரு குதிரை. டிராஃபிக்ல நின்னா அதுவும் படுத்துக்கும்."

சகலை மெல்ல முன்னால் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கக்கத்திலிருந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்ததல்லவா, கிழியவில்லை. முறுக்கினார், மடக்கினார், அது திரும்பத் திரும்ப நிமிர்ந்துகொண்டது. கடைசியில் அதைக் காரின் மேல் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தார்.

"பானெட்டைத் திறக்கச் சொன்னது நான். வீடியோவுல அழகாத் தெரியணும்னு. இவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"நான் வேண்டாம்னு சொல்லலையே" என்றார் ரீடிங்காரர்.

"சகலை, நான் உங்களுக்காகப் பேசிட்டிருக்கேன்."

"பேசுங்க. ஆனா சொல்லாததச் சொன்னேன்னு எழுத முடியாது."

முதலில் பல் டாக்டர்தான் சிரித்தார். பிறகு பன்னிரண்டு பேரும். பல் டாக்டர் வந்து ரீடிங்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க எல்லாரையும் தப்பிக்க வெச்சீங்க. தன் தப்பத் தானே சொல்ற ஆளு அளந்தா கண்ண மூடிட்டு நம்பலாம். இனிமே எங்க வண்டி எல்லாத்துக்கும் ரீடிங் நீங்கதான்" என்றார். ஆர்டரை அங்கேயே ரத்து செய்தார்கள். அதற்குப் பதில் என்ன வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். "உங்க டயரு வழுக்கையாயிடுச்சு, அத மாத்துங்க" என்றார் ரீடிங்காரர். கேட்டவர் தன் தலையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்.

எல்லோரும் கிளம்பிப்போனதும் பட்டறை ஓய்ந்தது. ரீடிங்காரர் சகலையின் பக்கம் போனார். இரண்டு வருஷமாகத் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கப் போனார். "பழைய பெட்டியவே மாட்டிடறேன் சகலை. அரைமணி நேரந்தான்."

சகலை அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி மேஜை மேல் வைத்தார். "வண்டியில உக்காருங்க."

"முட்டி..."

"உக்காருங்க சொல்றேன்."

இன்றைக்கு அவர் எது சொன்னாலும் மறுக்கிற நிலையில் ரீடிங்காரர் இல்லை. உட்கார்ந்தார். கார் பட்டறைத் தெருவைத் தாண்டி, பெரிய சாலையைத் தாண்டி, வளைவுச் சாலைக்கு வந்தது. வழக்கம்போலக் காதுக்கருவியில் டயர் இரைச்சலும் ஏசி இரைச்சலும் ஒன்றாகக் கலந்து மண்டையைக் குடைந்தன. சகலை ஏசியை அணைத்தார். கையை நீட்டி, கருவியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். ரீடிங்காரர் கழற்றினார். உலகம் பஞ்சுக்குள் போனது. அவருக்குப் பழகிய இடம்தான். இந்த அமைதிக்குள் உட்கார்ந்து, முன்பு ஒவ்வொரு இழையாகக் கேட்ட இன்ஜின் இப்போது ஊமையாக ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார்.

சகலை மூன்றாவது கியருக்கு மாற்றி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

முன்னால் எங்கிருந்தோ ஒரு ஆழ்ந்த மூச்சு கிளம்பியது. அது ஏறியது. ஏறிக்கொண்டே உறுமலானது. உறுமலுக்கு மேலே டர்போ சுழலும் விசில் மெல்லியதாக எழுந்தது. சகலை காலை எடுத்ததும், 'புஷ்' என்று ஒரு பெருமூச்சோடு அடங்கியது. ரீடிங்காரரின் கை தானாகக் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது.

சகலை முகத்தை அவர் பக்கம் திருப்பி, உதடு நன்றாக அசையும்படி கேட்டார்: "கேக்குதா?"

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. குழாய் பொருத்திய அன்றைக்கும், டைனோ ஓடிக்கொண்டிருந்தபோது, சகலை இதே மாதிரி உதட்டை அசைத்து இரண்டு மூன்று தரம் என்னமோ கேட்டார். பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, எண்ணைப் பாருங்கள் என்று திரையைக் காட்டியிருந்தார் இவர்.

கார் ஓரமாக நின்றது. கருவியைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் வரை சகலை காத்திருந்தார்.

"பதினாலு குதிரைய வெச்சுக்கிட்டு நான் என்ன சகலை பண்ணப் போறேன், ஜுர மாத்திரை டெலிவரி பண்ணவா?" என்றார். "ஒரு வருஷமா முட்டி வலிங்கறீங்க. மருந்துக்கடைக்காரன சகலையா வெச்சுக்கிட்டு, ஒரு தடவையாவது முட்டி வலிக்கு மாத்திரை கேட்டீங்களா? முந்தாநாளு கூட முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு தலைவலி மாத்திர வாங்கிட்டுப் போறீங்க. இந்தக் குழாய மாட்டினா சத்தம் மட்டும்தான் கூடும்னு மூணு வருஷமா நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்க. நான் நம்பினேன். அதான் வாங்கினேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்காகன்னு சொன்னா கழட்டச் சொல்லியிருப்பீங்க. சரி, பதினாலுன்னு வந்ததும் எனக்கும் கொஞ்சம் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. அது வேற."

ரீடிங்காரர் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "ரொம்ப நன்றி சகலை" என்றார். இரண்டு வருஷம் தாமதமாக வந்ததாலோ என்னவோ, குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "அந்த விளக்குக்கும் சேத்து."

"எந்த விளக்கு?" என்றார் சகலை, தெரியாத மாதிரி.

ரீடிங்காரர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மூணாவது கியர்லயே இன்னொரு தடவை" என்றார்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வண்டிக்குப் புதுத் தாள் எழுதினார். கூடுதல்: ஒன்றுக்கும் கீழே. பானெட்: மூடியது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அது மருந்துக்கடையில் எடை மேடைக்கு மேலே, பழைய தாள் இருந்த இடத்தில் ஏறியது. எடை பார்க்க ஏறுகிறவர்கள் தலையை நிமிர்த்தினால் இப்போது படிக்கலாம். குறிப்பு: கழற்ற வேண்டாம்.